தேசிய மறுசுழற்சிச் சங்கத்தின் செயற்குழுவுக்குக் குமரி மாவட்டத்திலிருந்து ஒருவர் போட்டியிட முடியுமா?

முடியும், போட்டியிடவும் வேண்டும் என்பதே என் பதில். கேட்டிருப்பவர் மார்த்தாண்டத்தில் ஆக்கர் கடையும் (பழைய பொருள் வாங்கி விற்கும் கடை) பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் கொட்டகையும் நடத்துகிறவர். பெரிய ஆலை வைத்திருக்கும் மும்பைக்காரர்களும் டெல்லிக்காரர்களும் நிற்கும் தேர்தலில் தனக்கு யார் வாக்களிப்பார்கள், எதைச் சொல்லிக் கேட்பது என்பது அவர் கவலை. நான் திங்கள்சந்தைப் பக்கம் இதே தொழிலில் இருக்கிறேன். அப்படியொரு சங்கத்தின் செயற்குழுவில் தென்மண்டல உறுப்பினராகவும் இருக்கிறேன்.

முதலில் சங்கத்தின் சட்ட வடிவத்தைப் பாருங்கள். 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது என்றால், எத்தனை ஆண்டு உறுப்பினராக இருந்திருக்க வேண்டும், யார் முன்மொழிய வேண்டும் என்பதையெல்லாம் துணைவிதிகளே சொல்லிவிடும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 8ஆவது பிரிவில் வரும் லாப நோக்கமற்ற கம்பெனி என்றால், இயக்குநராவதற்கு இயக்குநர் அடையாள எண் வேண்டும். அத்தகைய கம்பெனியில் உறுப்பினர் அல்லாத ஒருவரைப் பதிலாளாக அனுப்பி வாக்களிக்கச் செய்ய முடியாது. நாகர்கோவிலிலிருந்து மும்பைக்கு ரயிலில் ஒன்றரை நாள். கடையைப் பூட்டிவிட்டு அவ்வளவு தூரம் வர நம் பக்கத்து உறுப்பினர்களுக்குக் கட்டுபடியாகாது. ஆகவே நேரில் வருகிற ஒரு சக உறுப்பினர் பெயரில் அவர்களுடைய பதிலாள் படிவங்களை வாங்கி, கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பே சங்க அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். தென்மாவட்டங்களின் வாக்கு பெரும்பாலும் சிதறுவது இந்த ஒரு வேலையை யாரும் செய்யாததால்தான்.

இனி, எதைச் சொல்லிக் கேட்பது? ஆலைக்காரர்கள் தங்கள் டன் கணக்கை எழுதுவார்கள். அதில் அவர்களோடு போட்டி போட வேண்டாம். சங்கம் உண்மையில் பயன்படும் இடம் வேறு. சுற்றுச்சூழல் அமைச்சகம் வரைவு விதி ஒன்றை அரசிதழில் வெளியிட்டுக் கருத்துச் சொல்ல வழக்கமாக 60 நாள் தரும். அந்த நாட்களில் சங்கத்தின் கடிதத்தை எழுதுகிறவர் யாருடைய கொட்டகையை மனத்தில் வைத்து எழுதுகிறார் என்பதில்தான் நம் பிழைப்பு இருக்கிறது.

நடந்ததையே பாருங்கள். 2021 அக்டோபரில் பிளாஸ்டிக் கழிவு மீதான ஜி.எஸ்.டி. 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. வீடு வீடாகப் போய் வாங்கி வருகிறவர் பில் தருவதில்லை. அவரிடம் வாங்கி ஆலைக்குப் பில்லோடு விற்கும் நம்மைப் போன்றவர்களுக்கு, கழித்துக்கொள்ள உள்ளீட்டு வரி, அதாவது சரக்கை வாங்கும்போதே கட்டிய வரி, என்று எதுவும் இல்லை. 2024 அக்டோபரிலிருந்து, பதிவில்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவுபெற்ற வியாபாரியே அதற்கான வரியைக் கட்ட வேண்டும் என்றானது. இரண்டையும் அடிமட்டத்திலிருந்து விளக்கிச் சொல்ல, மூட்டையைப் பிரித்துப் பார்த்த ஒருவர் அந்த மேசையில் இருக்க வேண்டும்.

இ.பி.ஆர். எனப்படும் உற்பத்தியாளர் பொறுப்பு விஷயம் இதைவிடப் பெரிது. 2022 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதலின்படி, பிளாஸ்டிக் பேக்கேஜிங்கைச் சந்தைக்குக் கொண்டுவரும் கம்பெனிகள் அதை மறுசுழற்சி செய்யும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். அதற்கான சான்றிதழை விலைக்கு வாங்கியும் கணக்குக் காட்டலாம். அந்தச் சான்றிதழை உருவாக்குவது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவுசெய்த ஆலை. அதனால் அந்தப் பணம் ஆலைக்குப் போகிறது. தெருவில் பொறுக்கியவருக்கும், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தரம் பிரித்த பெண்ணுக்கும் அதில் இவ்வளவு பங்கு என்று எழுதிவைக்கப்படவில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில் இருக்கிறது.

உங்கள் வேட்பாளர் அறிக்கையின் நடுப்பகுதியை நான் மீன்வலைக்கே கொடுப்பேன். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் என்று நம் கடற்கரை நெடுகக் கிழிந்த வலை குவிந்து கிடக்கிறது. மீன்வலை பேக்கேஜிங் அல்ல. ஆகவே மேலே சொன்ன இ.பி.ஆர். கணக்குக்குள் அது வருவதே இல்லை. அதை எடுப்பதற்கு எந்தக் கம்பெனியும் காசு தர வேண்டியதில்லை. ஆனால் அது நல்ல சரக்கு. தங்கூசி வலை, அதாவது ஒற்றை இழை வலை, பெரும்பாலும் நைலான் 6 என்ற வகை. வேதிமுறையில் அதன் மூலப்பொருளான காப்ரோலாக்டமாக அதை உடைத்து மறுபடியும் புது நைலான் இழையாக நூற்கலாம். விசைப்படகின் இழுவலையில் பெரும்பாலும் பாலிஎத்திலீன், கயிற்றில் பாலிபுரோப்பிலீன். எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி விற்றால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும். ஒரு வாளித் தண்ணீரில் துண்டு போட்டால் நைலான் மூழ்கும், மற்ற இரண்டும் மிதக்கும். நம் கொட்டகைப் பெண்களுக்கு அந்த வாளிகூடத் தேவையில்லை, விரலால் தடவியே சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஈயக்குண்டையும் மிதவையையும் அறுத்தெடுத்து, உப்பும் மணலும் போகக் கழுவி உலர்த்த வேண்டும். இந்தக் கூலியை வலையின் விலை தாங்குவதில்லை. அதனால் கரையில் எரிக்கிறார்கள், அல்லது கடலிலேயே விடுகிறார்கள். கடலில் விட்ட வலை மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே கிடக்கும். வலை தயாரிப்பவரையும் உற்பத்தியாளர் பொறுப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்று ஒரு தேசியச் சங்கம் கேட்டால் அமைச்சகம் காதுகொடுக்கும். குஜராத், மகாராஷ்டிரம், ஆந்திரம் என எல்லாக் கடற்கரை மாநில உறுப்பினர்களுக்கும் இது சொந்தப் பிரச்சினை. உங்களுக்கு வாக்கு வரப்போவது அங்கிருந்துதான்.

கேரள எல்லை பற்றிக் கூட்டத்தில் கேட்பார்கள். 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டப்பட்ட மருத்துவக் கழிவைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பின் கேரளமே லாரிகளில் திரும்ப அள்ளிச் சென்றது. அது சரியான உத்தரவு, அதில் நமக்குத் தயக்கம் வேண்டாம். அதே நேரம், களியக்காவிளை வழியாக வரும் தரம் பிரித்த அட்டையும் பாட்டிலும் கழிவு அல்ல, மூலப்பொருள். இரண்டையும் பிரித்துக் காட்டும் ஒரே மாதிரியான சுமைச் சீட்டு இரு மாநிலங்களுக்கும் வேண்டும் என்று சொல்லுங்கள்.

குப்பை பொறுக்குவோரைப் பற்றிப் பேசினால் உணர்ச்சிவசப்படுகிறீர்கள் என்று ஓரங்கட்டுவார்கள். அப்போது புனேயைக் காட்டுங்கள். அங்கே 1993இல் அவர்கள் ஒன்றுசேர்ந்து காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அதிலிருந்து பிறந்த ஸ்வச் கூட்டுறவு 2008இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாகக் குப்பை எடுக்கத் தொடங்கியது.

இந்தி வராது என்று ஒதுங்க வேண்டாம். அறிக்கையை ஒரே பக்கத்தில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சடித்துக்கொள்ளுங்கள். மேடையில் தமிழிலேயே பேசுங்கள், மொழிபெயர்க்க ஓர் உறுப்பினரை முன்கூட்டியே கேட்டு வைத்தால் போதும்.

அனுப்புவதற்கு முன் அந்த அறிக்கையைக் குளச்சலில் வலை வாங்கும் கடைக்காரர்கள் இரண்டு பேருக்கும், உங்கள் கொட்டகையில் தரம் பிரிக்கும் பெண்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் விலையிலும் கூலியிலும் திருத்தம் சொன்னால், அவர்கள் சொன்ன எண்களையே போட்டு அனுப்புங்கள்.