கோன் நடனத்தில் முகம் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் பாங்காக் போயிருந்தோம். பேரரண்மனை டிக்கெட்டோடு சாலா சலெர்ம்க்ருங் அரங்கில் கோன் என்ற தாய்லாந்து ராமாயண நடனமும் பார்த்தோம். அரண்மனை பிரமிக்க வைத்தது, நடனம்தான் ஏமாற்றம். பாதிப்பேருக்கு முகமூடி. மற்றவர்கள் முகத்திலும் சலனமில்லை. வசனத்தையும் வேறு யாரோ பேசுகிறார்கள். போதாததற்கு அனுமார் காதலிக்கிறார்! பரதம் பார்த்து வளர்ந்த எனக்கு இது சுற்றுலாப் பயணிகளுக்கான வேடிக்கையாகவே பட்டது. உங்கள் கருத்து என்ன?

வி., திருச்சி

அன்புள்ள வி.,

நீங்கள் பார்த்தது ஒரு துணுக்கு. அதை வைத்து எந்தக் கலையையும் எடைபோட முடியாது. ஆனாலும் முழு இரவு பார்த்திருந்தால்கூட ஏமாந்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் நீங்கள் முகத்தைத் தேடியிருக்கிறீர்கள்.

கோனில் அரக்கரும் குரங்குகளும் முகமூடி அணிவார்கள். ஒருகாலத்தில் ராமனுக்கும் அது உண்டு. இன்று ராமன் கிரீடத்தோடு வந்தாலும் முகத்தை அசைக்காமல் ஆடுவதுதான் மரபு. உணர்ச்சிக்கெல்லாம் உடம்புதான் பொறுப்பு. கோபம் என்றால் இடது உள்ளங்கையைக் காதுக்குக் கீழே கழுத்தில் தேய்த்து வெடுக்கென்று இழுப்பார்கள், காலைத் தரையில் அறைவார்கள். ஆசைக்கு இரு கைகளும் மார்பின் குறுக்கே போகும். தொத்சகன், அதாவது அவர்களுடைய ராவணன், சீறும்போது பச்சை முகமூடியை விட்டுவிட்டு அவன் தொடையையும் பாதத்தையும் பாருங்கள். அந்த அகன்ற நிலை எளிதில் வருவதில்லை. மாணவனைச் சுவரோடு சாய்த்து முழங்கால் மடக்கி நிற்கவைத்து, ஆசிரியர் எதிரே உட்கார்ந்து தன் பாதங்களால் அவன் முழங்கால்களை விலக்கித் தள்ளுவார். பரதத்தில் அரைமண்டி பழகிய யாருக்கும் அந்த வலி புரியும். அவர்களுடைய குரு வணக்கச் சடங்கில் வைத்து வழிபடும் முகமூடித் தலைகளில் ஒன்று பரத முனிவருடையது என்பதையும் உங்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

அனுமார் விஷயத்தில் கம்பனை எதிர்பார்க்க வேண்டாம். தாய்லாந்து மன்னர் முதலாம் ராமா 1797இல் தொகுத்த அவர்களுடைய ராமாயணமான ராமகியெனில் அனுமார் காதல் மன்னன். சேது கட்டும்போது தொத்சகனின் மகளான மச்சகன்னியையே வசப்படுத்திவிடுகிறார். அரண்மனை வளாகத்து மரகத புத்தர் கோயிலின் சுற்றுப் பிராகாரத்தில் 178 சுவரோவியங்களாக அந்த ராமகியென்தான் ஓடுகிறது. நீங்கள் அதைக் கடந்துதான் வந்திருப்பீர்கள்.

சுற்றுலா வேடிக்கை என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். 1932இல் முழு முடியாட்சி முடிவுக்கு வந்தபின் அரண்மனையின் ஆட்டத்தை நுண்கலைத் துறை ஏற்றுக்கொண்டது. 1934இல் பயிற்சிப் பள்ளியும் வந்தது. (நீங்கள் உட்கார்ந்திருந்த அரங்கம் 1933இல் ஏழாம் ராமா கட்டுவித்த சினிமா தியேட்டர் என்பது தனிக்கதை.) பின்னாளில் ராணி சிரிகிட் முயற்சியில் பழைய முறைப்படி உடைகளும் முகமூடிகளும் புதிதாகச் செய்யப்பட்டன.

அடுத்த முறை நவம்பரை ஒட்டிப் போங்கள். ராணி சிரிகிட் தொடங்கிய அறக்கட்டளையின் பெரிய கோன் நிகழ்ச்சி தாய்லாந்து கலாசார மையத்தில் பெரும்பாலும் அப்போதுதான் நடக்கும். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பாட்டி முதல் பேரன் வரை குடும்பம் குடும்பமாக வரும் தாய்லாந்துக்காரர்களோடு நீங்கள் போட்டி போட வேண்டியிருக்கும்.