பெட்பேன் தூக்கவா போகிறாய்?

அன்புள்ள அம்மா,

நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. வகுப்பு தொடங்க ஏழெட்டு மாதம் இருக்கிறது. அதுவரை நர்சிங் அசிஸ்டென்ட் வேலைக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். "நர்ஸாகப் போகிறவள் இப்போதே பெட்பேன் தூக்கப் போகிறாயா?" என்கிறார் அண்ணன். இந்த அனுபவம் படிப்புக்கு உதவுமா?

ச.

அன்புள்ள ச.,

தாராளமாகப் போங்கள். நர்ஸான பிறகும் பெட்பேன் தூக்க வேண்டியிருக்கும் என்பதை அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் எதிர்பார்க்கிற வகையில் பெரிதாக உதவாது. பிரஷர் பார்ப்பதும் படுக்கை விரிப்பதும் கல்லூரியில் சேர்ந்த சில மாதங்களில் எல்லோருக்குமே கைவந்துவிடும். ஆனால் நோயாளியைக் குளிப்பாட்டி, துடைத்து, திருப்பிப் படுக்க வைப்பது அசிஸ்டென்ட்தான். நோயாளியின் உடம்பில் ஏற்படும் மாற்றம் பல நேரம் முதலில் உங்கள் கண்ணில்தான் படும். அதைக் கவனித்துச் சொல்லப் பழகுவதுதான் இந்த வேலையில் கிடைக்கிற லாபம்.

எழுந்திருக்க முடியாதவரைப் பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பார்கள். அப்போது முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. வெளுக்கவே இல்லையென்றால், தோல் கிழியாவிட்டாலும் படுக்கைப்புண் தொடங்கியிருக்கலாம். கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். பாவம் என்று அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், இன்னும் கெடும். நர்ஸிடம் சொல்லுங்கள். "சிவந்திருக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், எந்த இடம், எவ்வளவு பெரிது, எப்போது பார்த்தீர்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

மூச்சை எண்ணுவதும் அப்படித்தான். எண்ணப்போவதாகச் சொன்னால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். நாடி பார்த்த கையை எடுக்காமல், நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. சில வார்டுகளில் சார்ட்டைப் புரட்டினால் எல்லோருக்கும் 18, 20 என்றே இருக்கும். அத்தனை பேரும் ஒரே மாதிரி மூச்சு விடுகிறார்களா என்ன? எண்ணாமல் எழுதியது அது. உடல்நிலை மோசமாகும்போது பல சமயம் முதலில் மாறுவது மூச்சுதான்.

எனக்குக் கவலையே இந்த மாதிரிப் பழக்கங்கள்தான். வேலையோடு வேலையாக அதையும் கற்றுக்கொண்டு கல்லூரிக்குப் போனால் மறப்பது கஷ்டம். அவசரத்தில் யாராவது "இந்த ஊசியை நீயே போட்டுவிடு" என்றாலும் போடாதீர்கள். அது உங்கள் வேலையே இல்லை.

நாற்றம், வாந்தி எல்லாம் சில வாரங்களில் பழகிவிடும். மனிதர்களைத் தொடுவதே பிடிக்கவில்லையென்றால் மட்டும் யோசியுங்கள். கல்லூரிக் கட்டணம் கட்டும் முன்பே தெரிந்தது நல்லதுதான். மற்றபடி, கையில் சம்பளம் வருகிறதே என்று கல்லூரியை இன்னொரு வருடம் தள்ளிப்போட வேண்டாம்.

சேரும் முன் அங்கே கேளுங்கள்: பயிற்சி உண்டா, ஒருவருக்கு எத்தனை நோயாளிகள், கனமானவரைத் தூக்க இன்னொரு ஆள் வருவாரா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு இடம் பாருங்கள், உங்கள் முதுகு முக்கியம். அப்புறம், ஹெபடைட்டிஸ் பி (ரத்தம் வழியாகத் தொற்றும் கல்லீரல் நோய்) தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? வழக்கமாக மூன்று டோஸ், முடிய 6 மாதம் ஆகும். இல்லையென்றால் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.