அகலிகை ஏன் வெளியேறவில்லை? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,
புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ படித்தேன். அகலிகை மறுபடியும் கல்லாவது எனக்குத் தோல்வியாகவே பட்டது. கோதமனை விட்டு விலகிப் போயிருக்கலாமே? நம் பழைய கதைகளில் விவாகரத்து கேட்கும் பெண் ஏன் கண்ணில் படுவதே இல்லை?
– வாசகி, செம்பூர், மும்பை

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கதை வந்தது 1943-இல். அப்போது சென்னை மாகாணத்தில் இந்துக்கள் எல்லோருக்குமான விவாகரத்துச் சட்டம் கிடையாது. நம் பம்பாயில் 1947-இல் வந்தது, அங்கே 1949-இல். புதுமைப்பித்தன் 1948-லேயே போய்விட்டார்.

சட்டம் இல்லாததால் பிரிவே இல்லை என்று ஆகாது. பல சாதிகளில் பஞ்சாயத்தில் தீர்த்துவிட்டு அறுத்துக் கட்டிக்கொள்வது வழக்கம்தான். 1955-இல் வந்த இந்துத் திருமணச் சட்டமும் வழக்கப்படி தீர்த்துக்கொள்ளும் உரிமையில் கை வைக்கவில்லை. ஆனால் கதை எழுதியவர்கள் பலருடைய வீடுகளில் அது வாய் திறந்து பேசக்கூடாத பேச்சு.

சரி, அகலிகைக்கு வருவோம். தன்னைக் குற்றமற்றவள் என்று ஏற்ற ராமனே சீதையைத் தீயில் இறங்கச் சொன்னான் என்று சீதை வாயாலேயே கேட்கிறாள். அந்த இடத்தில் அவள் உடைகிறாள். பிறகு, ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக் கோதமன் அணைக்கும்போது, அவன் உருவில் இந்திரன்தான் அவளுக்குத் தெரிகிறான். கல்லாகிறாள். இதை நான் தோல்வி என்று சொல்லமாட்டேன். ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்ன அந்த உடம்பை இனி யாருக்கும் தரமாட்டேன் என்கிறாள். ஆனால் அவளுக்குப் போக ஓர் இடம் இருந்திருந்தால் கல்லாகியிருக்க வேண்டாம். அந்த மட்டில் உங்கள் கோபம் நியாயமானது.

இதை எழுதும்போது என் அத்தைதான் நினைவுக்கு வருகிறார். இருவரும் சம்மதித்துப் பிரியலாம் என்ற பிரிவு இந்துத் திருமணச் சட்டத்தில் 1976-இல்தான் சேர்ந்தது. அத்தை அதற்கு முன்பே வீட்டை விட்டு வந்துவிட்டார். கோர்ட் படி ஏறவே இல்லை. மாட்டுங்காவில் ஓர் அறை, அப்பளம் இட்டு விற்று வந்த வருமானம். அவர் விடாமல் அலைந்தது ரேஷன் கார்டுக்காக மட்டும்தான். கணவர் வீட்டுக் கார்டில் பெயரை நீக்கி, தனிக் கார்டு வாங்க எத்தனையோ நாள் வரிசையில் நின்றார். வாங்கியதும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். சின்னப் பையனான எனக்கு ஒருநாள் எடுத்துக் காட்டினார். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவர் பெயர். கீழே வரிசையாகக் காலிக் கட்டங்கள்.