செவ்வாய் மாலை உங்களுடையதாக இருக்கட்டும்

ஜெர்மனியில் ஓ பேராக, அதாவது ஒரு குடும்பத்தோடு தங்கி அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே மொழி கற்பவர்களாக, இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். வந்து இரண்டு மாதம் ஆகிறது. குடும்பம் நல்ல குடும்பம்தான். ஆனால் வேலை முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவோடு வீடியோ காலில் பேசுவதுதான் என் மாலைப்பொழுது. மொழி வகுப்பிலும் யாரும் நெருங்கவில்லை. என்ன செய்வது?

வகுப்பு முடிந்ததும் எல்லோரும் ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். அந்த அவசரத்தில் நட்பு உருவாகாது. “ஒருநாள் பார்க்கலாம்” என்றாலும் அது அதோடு போய்விடும். “சனிக்கிழமை 3 மணிக்கு நூலக வாசலில் சந்திப்போமா, வீட்டுப்பாடத்தைச் சேர்ந்தே முடித்துவிடலாம்” என்று நாள், நேரம், இடம் எல்லாம் சொல்லிக் கேளுங்கள். முதலில் ஒரே ஒருவரிடம் கேளுங்கள். ஜெர்மானியர்களைக் கூப்பிடுவதானால் ஒரு வாரம், பத்து நாள் முன்னதாகச் சொல்வது நல்லது. அவர்களில் பலர் வாரம் முழுவதையும் முன்கூட்டியே காலண்டரில் நிரப்பிவிடுவார்கள். அன்றைக்கே அழைத்து “முடியாது” என்று பதில் வந்தால், உங்களைப் பிடிக்கவில்லை என்று நினைத்து வருந்தாதீர்கள்.

சிற்றூரில் இதைவிட உறுதியான வழி ‘ஃபெரைன்’ எனப்படும் சங்கங்கள்தான். கைப்பந்து, பாட்மின்டன், சேர்ந்திசை என்று ஊருக்கு ஊர் இருக்கும். வாராவாரம் அதே கிழமை, அதே நேரம், அதே முகங்கள். பேச்சு தட்டுத்தடுமாறினாலும் பழக்கம் வந்துவிடும். முதலில் மின்னஞ்சல் அனுப்பி, ஓரிரு முறை வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள்; பெரும்பாலும் அதற்குக் காசு வாங்கமாட்டார்கள். பள்ளி விடுமுறை வாரங்களில் பல இடங்களில் பயிற்சி நடக்காது, தேதி பார்த்துப் போங்கள். உறுப்பினர் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் விலகும் விதியைப் படியுங்கள். ஆண்டு முடிவில்தான் விலகலாம் என்று பல இடங்களில் இருக்கும். நீங்களோ நடுவில் கிளம்ப வேண்டியிருக்கலாம்.

முதல் நாள் யாரும் வந்து பேசாவிட்டால் மனம் தளராதீர்கள். பயிற்சி முடிந்ததும் வலையைக் கழற்றிச் சுருட்டவும் பந்துகளை வண்டியில் அடுக்கவும் கை கொடுங்கள். ஆட்டத்தின்போது வாய் திறக்காதவர்கள்கூட அந்த ஐந்து நிமிஷத்தில் “எந்த ஊர்?” என்று கேட்பார்கள். மூன்று வாரம் போய்ப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

அம்மாவோடு பேசுவதை நிறுத்தச் சொல்லமாட்டோம். நேரத்தை மட்டும் மாற்றுங்கள். குளிர்காலத்தில் அங்கே இரவு 8 மணி என்றால் நம் வீட்டில் 12.30; கோடையில் 11.30. குழந்தைகள் கிண்டர்கார்டனில் இருக்கும் முற்பகலில் பேசினால் அம்மாவுக்கும் தூக்கம் கெடாது, உங்கள் மாலையும் மிச்சம்.

செவ்வாய்தோறும் சேர்ந்திசைக்குப் போக ஆசை. ஆனால் “இன்றைக்குக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா?” என்று கடைசி நேரத்தில் கேட்கிறார்கள். மறுக்கத் தயக்கமாக இருக்கிறது.

தயங்க வேண்டாம், விதி உங்கள் பக்கம் இருக்கிறது. நாளுக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரம், அதற்கு மேல் வேலை கிடையாது. குழந்தைகள் தூங்கும்போது வீட்டில் காவலாக இருப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். வாரத்தில் ஒன்றரை நாள் விடுப்பு, நான்கு மாலைகள் ஓய்வு, மாதத்தில் ஒரு ஞாயிறாவது முழு விடுமுறை.

ஆனால் குடும்பத்தார் வெளியே கிளம்பக் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும்போது விதியைப் பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும். ஞாயிறு இரவு குழந்தைகள் தூங்கியபின் இருபது நிமிஷம் கேட்டு வாங்குங்கள். வரும் வாரத்தின் மணிநேரங்களைச் சமையலறைக் காலண்டரில் சேர்ந்து எழுதுங்கள். செவ்வாய் மாலையை முதலில் உங்களுக்கென்று குறித்துவிடுங்கள். எழுதியிருக்கும் மாலையை யாரும் லேசில் கேட்கமாட்டார்கள். எப்போதாவது விட்டுக்கொடுத்தால், பதிலுக்கு எந்த மாலை என்று அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கு வயதுப் பையன் என்னைக் கண்டாலே “அம்மாதான் வேணும்” என்று அழுகிறான். அம்மா வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்.

அடைத்த கதவுக்குப் பின்னால் அம்மா இருப்பது அவனுக்குத் தெரியும். ஓடினால் கதவு திறக்கும் என்பதும் தெரியும். அதனால்தான் அழுகை நிற்பதில்லை. தாயோடு பேசி ஓர் ஏற்பாடு செய்யுங்கள்: அவர் சொல்லாமல் நழுவக்கூடாது. “பெரிய முள் மேலே வந்ததும் வருவேன்” என்று கடிகாரத்தைக் காட்டி, முத்தம் கொடுத்து, போய்விட வேண்டும், இடையில் எட்டிப்பார்க்கக்கூடாது. அவர் போன கையோடு ஒரே விளையாட்டைத் தினமும் தொடங்குங்கள். முடிந்தால் வெளியே கூட்டிப்போய்விடுங்கள். விளையாட்டுத் திடலில் மற்ற ஓ பேர்களும் பெற்றோரும் வருவார்கள், அறிமுகம் உங்களுக்கும் கிடைக்கும்.

எல்லாம் முயன்றும் ஒத்துவராவிட்டால் குடும்பத்தை மாற்றலாமா?

மாற்றலாம். ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இரண்டு வார முன்னறிவிப்பு இருக்கும். அதை எழுத்தில் கொடுங்கள். புது ஒப்பந்தம் கையில் வந்ததும் அயல்நாட்டவர் அலுவலகத்தின் அனுமதியைப் பெறுங்கள், அதன் பிறகே புது வீட்டில் வேலை தொடங்குங்கள். ஓ பேராக இருக்கும் காலம் மொத்தம் ஓராண்டுதான் என்பதால் பத்தாம் மாதம்வரை பொறுத்திருந்து பயனில்லை.