கஞ்சா டிங்சர்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

டிங்சர் என்பது கஞ்சா மொட்டை ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டிய சாறு. கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே இந்தப் பதில்கள்.

கேள்வி: காய்ந்த மொட்டை ஒரு மாதம் ஆல்கஹாலில் ஊறவைத்தேன். எந்தப் பலனும் இல்லையே, ஏன்?

சூடுபடுத்தாமல் போட்டிருப்பீர்கள். செடியில் இருப்பது டிஹெச்சிஏ என்ற அமிலம். சூடு பட்டால்தான் அது போதை தரும் டிஹெச்சியாக மாறும். மொட்டை உதிர்த்துத் தட்டில் பரப்பி, ஓவனில் 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் 30, 40 நிமிடம் வையுங்கள். பச்சை மங்கிப் பழுப்பேறும், விரலால் நசுக்கினால் பொடியாகும். ஆறிய பிறகுதான் ஆல்கஹால் பக்கம் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: கை துடைக்கும் ஸ்பிரிட் போதுமா?

கூடவே கூடாது. அதில் இருப்பது குடிக்கக் கூடாத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலாக இருக்கலாம், மெத்தனால் கலந்ததாகவும் இருக்கலாம். மெத்தனால் கண்ணைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். குடிக்கத் தகுந்த ஆல்கஹாலான எத்தனால் மட்டுமே சரி. 40 சதவீத மதுவில் தண்ணீர்தான் பாதிக்கு மேல், டிஹெச்சி இருக்கும் மொட்டின் பிசின் சரியாகக் கரையாது.

கேள்வி: அடுப்பில் காய்ச்சி வற்றவைத்தால் சீக்கிரம் கெட்டியாகுமே அண்ணா?

வேண்டாம் தம்பி. அடர்ந்த எத்தனாலின் ஆவி அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும். காற்றைவிடக் கனமானது என்பதால் மேடையோடு தவழ்ந்து, தள்ளியிருக்கும் நெருப்பையும் தொட்டுவிடும். வடிகட்டி, இருக்கிற அடர்த்தியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எத்தனை சொட்டு எடுப்பது?

சொட்டை விடுங்கள், மில்லிகிராமில் கணக்குப் போடுங்கள். 10 கிராம் மொட்டில் 15 சதவீதம் டிஹெச்சிஏ என்றால் 1,500 மில்லிகிராம். மாறும்போது எடை குறைவதால் 0.877 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,315. அதை 200 மில்லி எத்தனாலில் ஊறவைத்தால் ஒரு மில்லியில் அதிகபட்சம் 6.6 மில்லிகிராம். மொட்டின் சதவீதமே தெரியாவிட்டால் இந்தக் கணக்கு வெறும் ஊகம்தான். அப்போது கால் மில்லியைத் தாண்டாதீர்கள். புதியவர்களுக்கு 2.5 மில்லிகிராமே போதும். ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்தால் கை தவறாது.

கேள்வி: முக்கால் மணி நேரமாகியும் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் எடுக்கலாமா?

என் நண்பர் இப்படித்தான் எடுத்தார். இரண்டும் சேர்ந்து ஏற, படபடப்போடு சுவரைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார். நாக்கடியில் விட்டாலும் பெரும்பங்கு விழுங்கத்தான் படுகிறது. வயிற்றுக்குள் போனது ஏற இரண்டு மணி நேரம்கூட ஆகும். அதுவரை பொறுங்கள், அன்றைக்கு வண்டி ஓட்டாதீர்கள்.

கேள்வி: அம்மா வார்ஃபரின் என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மூட்டுவலிக்குக் கொடுக்கலாமா?

மருத்துவரைக் கேட்காமல் ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள். கஞ்சா வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். அப்புறம், புட்டியில் என்ன, எத்தனை மில்லிகிராம், என்று செய்தது என்று எழுதி ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாதபடி பூட்டி வையுங்கள்.