கேமரா செட்டிங்கை நம் கைக்கு ஏற்ப மாற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ராத்திரி எடுத்த படங்கள் கேமரா திரையில் பளிச்சென்று இருந்தன. கணினியில் போட்டதும் எல்லாம் இருண்டு கிடக்கின்றன. கேமராவில் கோளாறா?

பதில்: கோளாறு ஒன்றும் இல்லை, தம்பி. சுற்றிலும் இருட்டு என்றால் திரை தூக்கலாகத் தெரியும். உச்சி வெயிலில் அதே படம் மங்கலாகத் தெரியும். அதனால் கண்ணை நம்பி வெளிச்சத்தை முடிவு செய்யாதீர்கள். திரை வெளிச்சத்தை நடுவில் நிறுத்திவிட்டு, ஹிஸ்டோகிராம், அதாவது படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடம், தெரியும்படி வையுங்கள். மலை மாதிரி இருக்கும் அந்த வரைபடம் இடது ஓரத்தில் குவிந்தால் இருட்டு. வலது ஓரத்தில் போய் முட்டினால் வெள்ளைப் பகுதிகள் வெளுத்துவிட்டன.

வெளுத்துப்போன இடங்களைச் சிமிட்டிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையையும் போட்டுவிடுங்கள். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி திரையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சிமிட்டினால், துணியின் மடிப்பெல்லாம் போய்விட்டது என்று அர்த்தம். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -0.7க்குக் கொண்டுவந்து இன்னொன்று எடுங்கள். சிமிட்டல் நிற்கும், ஜரிகைக்கு மேலே மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெரியும். அதைப் பார்க்கும்போது வரும் நிம்மதியே தனி.

கேமரா பதப்படுத்தாத ரா (RAW) கோப்பாக எடுத்தாலும், பெரும்பாலான கேமராக்களில் ஹிஸ்டோகிராம் பதப்படுத்திய ஜேபெக் (JPEG) முன்னோட்டத்திலிருந்துதான் வருகிறது. அந்த ஜேபெக்கின் நிறத்தையும் அழுத்தத்தையும் முடிவு செய்யும் பிக்சர் ஸ்டைலை நியூட்ரலில் வைத்தால் அது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

கேள்வி: மண்டபத்தில் எடுத்த படங்களில் குறுக்கே பட்டை பட்டையாக விழுகிறது.

பதில்: சத்தம் வராத சைலன்ட் ஷட்டரில் எடுத்திருப்பீர்கள். மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மேடையின் எல்இடி விளக்குகள் சில வேறு வேகத்தில் துடிக்கும். அங்கே ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கத்தான் வேண்டும்.

கேள்வி: என் பையன் ஓடிக்கொண்டே இருக்கிறான். ஷட்டர் வேகத்தைக் கேமராவே முடிவு செய்யும் அபர்ச்சர் மோடில் எடுத்தால் கலங்கிவிடுகிறது.

பதில்: வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமராவின் உணர்திறனைத் தானாக மாற்றும் ஆட்டோ ஐஎஸ்ஓவுக்குள் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் என்று ஒன்று இருக்கும், அக்கா. அதை 1/500 ஆக்குங்கள், ஐஎஸ்ஓ உச்சவரம்பு 6400. கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்தாலும் பரவாயில்லை. கலங்கிய முகத்தை எந்த மென்பொருளும் முழுசாக மீட்டுத் தராது.

கேள்வி: பின்பக்கப் பொத்தானில் ஃபோகஸ் வைப்பது நல்லதா?

பதில்: ஒரு வாரம் பழகுங்கள், அப்புறம் விடமாட்டீர்கள். நிக்கானில் ஏஎஃப் (ஆட்டோ ஃபோகஸ்) ஆக்டிவேஷனை ஏஎஃப்-ஆன் மட்டும் என்று மாற்றுங்கள். சோனியில் ஷட்டரோடு சேர்ந்த ஏஎஃப்பை ஆஃப் செய்துவிட்டு, ஒரு பொத்தானுக்கு ஏஎஃப்-ஆன் கொடுங்கள். ஃபோகஸ் மோடு தொடர் ஃபோகஸில் இருக்கட்டும். கட்டைவிரல் அழுத்தினால் ஓடும் ஆளைத் துரத்தும், விரலை எடுத்தால் அங்கேயே நிற்கும். வேறு யாரிடமாவது கேமராவைக் கொடுத்தால் மட்டும் சொல்லிக் கொடுங்கள். ஒருமுறை சொல்லாமல் கொடுத்தேன்; குடும்பப் படம் ஒன்றுகூடத் தெளிவாக வரவில்லை.

கேள்வி: கறுப்பு வெள்ளையில் பார்த்துக்கொண்டே எடுத்து, வண்ணத்தையும் வைத்துக்கொள்ள முடியுமா?

பதில்: முடியும். ரா கோப்பாக எடுங்கள், கூடவே மோனோக்ரோம் (கறுப்பு வெள்ளை) ஸ்டைலை வையுங்கள். வெறும் ஜேபெக் என்றால் வண்ணம் போனது போனதுதான்.

கேள்வி: இத்தனையையும் ஒவ்வொரு தடவையும் மாற்றவா?

பதில்: டயலில் நம் செட்டிங்கைப் பதிந்து வைக்கும் சி1, சி2 அல்லது யு1, யு2 இருந்தால் மண்டபத்துக்கு ஒன்று, வெளியே ஒன்று என்று பதிந்து வையுங்கள். கேனானில் அந்த இடத்திலேயே ஆட்டோ அப்டேட் ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனில் இருந்தால், அவசரத்துக்கு மாற்றியதெல்லாம் அதிலேயே பதிந்துவிடும்.