டொக்டரைக் கேளுங்கள்: கல்ச்சரில் ஒன்றுமில்லை, எரிவு மட்டும் போகவில்லை

கேள்வி: வயது 43. தினமும் வத்தளையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு மோட்டார் சைக்கிளில் போய்வருகிறேன், ஒபிசிலும் முழுநாளும் கதிரைதான். நாலு மாதமாகச் சலம் போகும்போது எரிவு, விதைப்பைக்கும் மலவாசலுக்கும் நடுவே ஒரு அழுத்தம், விந்து வெளியேறினால் அன்றைக்கு முழுக்க வலி. பார்மசியில் சொல்லி மூன்று தடவை அன்டிபயோட்டிக் வாங்கினேன், ஒவ்வொரு தடவையும் 5 நாள். குடிக்கும்போது குறைகிறது, பிறகு திரும்ப வருகிறது. போன வாரம் கல்ச்சர் செய்ததில் கிருமி வளரவில்லையாம். இது புரொஸ்டேட்டில் கிருமியா? மனைவிக்கும் தொற்றுமா?

பதில்: கடைசி மாத்திரை முடிந்து எத்தனை நாளில் கல்ச்சருக்குச் சலம் கொடுத்தீர்கள்? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். இரண்டு மூன்று நாளில் கொடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, மருந்து உடம்பில் இருக்கும்போது கிருமி இருந்தாலும் லேப்பில் வளராது. என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் இதே வரிசையில்தான் வருகிறார்கள், முதலில் மாத்திரை, அப்புறம் டெஸ்ட். தலைகீழ்.

புரொஸ்டேட் என்பது சலப்பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில் உள்ள ஒரு சுரப்பி. சலக்குழாய் அதன் நடுவால்தான் வருகிறது. எல்லா அன்டிபயோட்டிக்கும் அதற்குள் நன்றாகப் போய்ச் சேராது. நைட்ரோபியூரன்டோயின் சலப்பையில் நன்றாக வேலை செய்யும், புரொஸ்டேட்டில் பிரயோசனமில்லை. உள்ளே போகக்கூடியவை சிப்ரோபுளொக்சசின், லெவோபுளொக்சசின், கோட்ரைமொக்சசோல் போன்றவை. நாட்பட்ட கிருமித் தொற்று உண்மையிலேயே இருந்தால் அவற்றை 4 முதல் 6 வாரம் எடுக்க வேண்டிவரும். 5 நாளில் எரிவு அடங்கும், சுரப்பிக்குள் இருப்பது அப்படியே இருக்கும். அதற்காக நாலாவது தடவையும் பார்மசிக்குப் போய் 6 வாரத்துக்கு வாங்கிவிடாதீர்கள், சிப்ரோபுளொக்சசின் வகை மருந்துகள் குதிக்கால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாணையே அறுத்துவிட்ட சம்பவங்கள் உண்டு.

இப்போது மருந்து எதுவும் வேண்டாம். இரண்டு வாரமாவது விட்டு, இடையில் காய்ச்சல் வராதவரை, ஒரு யூரோலஜிஸ்டைச் சனல் பண்ணிக் காட்டுங்கள். முதலில் வரும் சலத்தை விட்டுவிட்டு நடுச்சலத்தை ஒரு போத்தலில் எடுப்பார்கள், பிறகு மலவாசல் வழியாக விரலால் புரொஸ்டேட்டை அழுத்தி, அதன்பின் வருவதை இன்னொரு போத்தலில் எடுப்பார்கள். 1968இல் மெயர்ஸும் ஸ்டேமியும் நாலு போத்தலில் செய்து காட்டிய பரிசோதனையின் சுருக்கம்தான் இது. இரண்டாவது போத்தலில் மட்டும் கிருமி வளர்ந்தால், அல்லது அதில் மிக அதிகமாக வளர்ந்தால், இருப்பிடம் புரொஸ்டேட். விரல் பரிசோதனைக்கு வெட்கப்பட்டு நாலு மாதத்தை நாலு வருடமாக்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அது ஒரு நிமிட வேலை.

இரண்டிலும் ஒன்றும் வளரவில்லை என்றால்? அதுதான் அதிகம் நடப்பது. நாட்பட்ட புரொஸ்டேட் வலி என்று வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேரிடம் கிருமி இருப்பதில்லை. வலி பொய் என்று அர்த்தமில்லை, இடுப்படித் தசைகள் இறுகிப்போய், நரம்புகள் கூருணர்ச்சியாகி வருகிற வலி அது. அன்டிபயோட்டிக் குடித்தால் இதுவும் கொஞ்சம் குறையலாம், ஏனென்றால் அந்த மருந்துகளில் சிலவற்றுக்கு வீக்கத்தைத் தணிக்கும் குணமும் உண்டு, போதாததற்கு இந்த வலி தானாகவே கூடிக் குறையும் சுபாவமுள்ளது. இதற்கு டம்சுலோசின் போன்ற மாத்திரை, வலிநிவாரணி, இளஞ்சுடுநீரில் இடுப்பளவு உட்காருவது, அந்தத் தசைகளைத் தளர்த்தும் பிசியோதெரபி எல்லாம் பார்க்கலாம். யூடியூப்பைப் பார்த்து இறுக்கும் பயிற்சி செய்யாதீர்கள், இறுகியதை மேலும் இறுக்குவது போலாகிவிடும். கதிரையிலிருந்து மணிக்கு ஒரு தடவை எழும்புங்கள், மோட்டார் சைக்கிளைக் கொஞ்சநாள் விட்டு பஸ்ஸில் போய்ப் பாருங்கள். சுகரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மனைவிக்குத் தொற்றுமா? சாதாரணமாகக் காரணமாகும் ஈ.கோலை கிருமியானால் பயமில்லை. பாலியல் தொற்றாக இருந்தால் இருவரும் மருந்து எடுக்க வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். போன மாதம் நடுக்கத்தோடு காய்ச்சல், சலமும் அடைத்துவிட்டது, வார்டில் வைத்து ஊசி போட்டார்கள். அப்போது எடுத்த பிஎஸ்ஏ, அதாவது புரொஸ்டேட்டுக்கான ரத்த டெஸ்ட், 14. புற்றுநோய்தான் என்று மாமா சொல்கிறார்.

பதில்: மாமாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். புரொஸ்டேட்டில் தொற்று வந்தால் பிஎஸ்ஏ ஏறும், சலம் எடுக்க டியூப் போட்டாலும் ஏறும். மருந்து முடிந்து 6 முதல் 8 வாரம் கழித்துத் திரும்ப எடுங்கள். அப்போதும் உயர்வாகவே இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும், அதைத் தள்ளிப்போடவும் கூடாது. இனி நடுக்கத்தோடு காய்ச்சலும் சல அடைப்பும் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அந்த இரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: வயது 24. எரிவோடு நுனியில் வெள்ளையாக ஏதோ வருகிறது. செவ்விளநீரும் பார்லித் தண்ணீரும் போதுமா?

பதில்: தாகத்துக்குப் போதும். உங்கள் வயதில் எரிவோடு கசிவும் வந்தால் கொனோரியா, கிளமீடியா இரண்டையும் முதலில் நினைக்க வேண்டும். கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் அரசாங்கத்தின் பாலியல் நோய் சிகிச்சை நிலையம் இருக்கிறது, காசில்லை, விஷயம் வெளியேயும் போகாது. போவதற்கு முன் ஒன்றிரண்டு மணித்தியாலம் சலம் போகாமல் இருங்கள், டெஸ்டுக்கு அது நல்லது.